சொன்ன பேச்சு கேட்ட தண்ணீர்

மூக்கருக்கு அந்தப் பட்டம் வந்தது மூக்கின் அளவால் அல்ல. சாதாரண மூக்குதான், சொல்லப்போனால் கொஞ்சம் சப்பை. ஆனால் காலையில் நீச்சல் குளத்தின் கதவைத் திறந்த கையோடு படி ஓரத்தில் குந்தி, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே முகத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தாரென்றால், நேற்று மாலை யார் குளிக்காமல் இறங்கினார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிடுவார் என்று குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. அது கொஞ்சம் மிகைதான். யார் என்று சொல்ல மாட்டார். “யாரோ ஒருத்தர்” என்பார். சொல்லிவிட்டு மூன்றாம் மாடிப் பால்கனியை ஒரு பார்வை பார்ப்பார். அங்கே நின்று பல் துலக்கிக்கொண்டிருக்கும் யாராவது சட்டென்று உள்ளே போய்விடுவார்கள்.

நான்கு அடுக்குமாடிக் கட்டடங்கள் சுற்றி நிற்க, நடுவில் இருந்தது குளம். உள்ளங்கை அளவு நீல ஓடுகள், ஓரத்தில் பிடித்து இறங்கக் கம்பி, ஒரு மூலையில் குளித்துவிட்டு இறங்குவதற்கான குழாய்கள், பின்பக்கம் மோட்டார் அறை. அந்த அறைதான் மூக்கரின் ஆபீஸ். பானை வயிற்றோடு மணல் வடிகட்டி நடுவில் உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் தண்ணீரை வெதுவெதுப்பாக்கும் எந்திரம். அதற்குள் செம்புக் குழாய் சுருள் சுருளாக ஓடும். சுவர் ஆணியில் மாற்றுச் சட்டை, கால் ஒன்று தேய்ந்த பிளாஸ்டிக் நாற்காலி, சோதனைக் குப்பிகளை அடுக்கி வைத்த பழைய சாப்பாட்டு டப்பா. குளத்துக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் முட்டி வலிக்காரர்கள். மீதிப் பேர், முட்டி வலிக்காரர்களுக்குத் துணைக்கு வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் முட்டி வலிக்காரர்கள்.

வாசல் பலகையில் ‘மருந்தில்லா நீச்சல் குளம்’ என்று எழுதியிருந்தது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஆசைப்பட்டு எழுதி வைத்தது. கம்பெனி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பஞ்சு போல அடர்ந்த வெள்ளை மீசைக்காரர். மூக்கருக்கு அந்தப் பலகையைக் கண்டாலே ஆகாது.

“மருந்தே இல்லேன்னா அதுக்குப் பேரு குட்டைங்க சார். இது மருந்து கம்மியான குளம்.”

“அப்படி எழுதினா எடுப்பா இருக்காதுய்யா.”

“எடுப்பா இல்லேன்னா என்ன சார், உண்மையா இருக்குமில்ல.”

செயலாளர் மீசையைத் தடவிக்கொண்டு போய்விடுவார். பலகை அப்படியே இருக்கும்.

மூக்கர் சொல்வதில் நியாயம் இருந்தது. மற்றக் குளங்களில் கிருமிக்கும் பாசிக்கும் ஒரே பதில், குளோரின். கொட்டிவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போகலாம். இங்கே தண்ணீர் ஒரு சின்னப் பெட்டி வழியாகப் போய் வரும். பெட்டிக்குள் செம்பும் வெள்ளியும் கலந்த தகடுகள். லேசாக மின்சாரம் பாயும்போது அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகம் தண்ணீரில் கரையும். பாசியை அது பார்த்துக்கொள்ளும். மிச்சத்துக்குக் குளோரின் கொஞ்சம் போதும். ஆனால் மருந்தைக் குறைத்தால் கவனத்தைக் கூட்ட வேண்டும். இறங்குகிறவர்கள் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்க வேண்டும். வடிகட்டியை நாள் தவறாமல் பார்த்து, அழுக்கு ஏறியதும் தண்ணீரைத் திருப்பி விட்டு அலச வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, தண்ணீர் நிதானத்தில் நிற்க வேண்டும். புளிப்புப் பக்கமும் சாயக் கூடாது, காரப் பக்கமும் சாயக் கூடாது.

இந்த வேலைதான் வேண்டும் என்று மூக்கர் ஒட்டிக்கொண்டிருந்ததற்குக் காரணம் அவருடைய நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்தது. முன்பு ஒரு பெரிய கிளப்பின் குளத்தில் வேலை பார்த்தார். அங்கே மருந்து அறையில் இரண்டு வகைக் குளோரின் தூள் இருக்கும். ஒன்றோடு ஒன்று சேரவே கூடாத வகைகள். யாரோ ஓர் ஆள் ஒன்றை அள்ளிய ஈரக் கரண்டியை மற்றதன் டிரம்முக்குள் போட்டு மூடி வைத்திருந்தான். மூடியைத் திறந்த மூக்கர் ஒரு மூச்சுதான் இழுத்தார். அடுத்து அவர் கண்டது ஆஸ்பத்திரி விட்டத்தை.

“குளோரின் மூட்டை இருக்குற ரூம் பக்கமே தலை வெச்சுப் படுக்காதீங்க. இன்னொரு தடவை ஆச்சுன்னா என்கிட்ட வந்து சேர மாட்டீங்க” என்றார் டாக்டர்.

குளத்து வேலை தவிர வேறொன்றும் தெரியாத மனிதர். காவலாளி வேலைக்குப் போய்ப் பார்த்தார். இரண்டு மாடி ஏறுவதற்குள் நெஞ்சு அடைத்துக்கொண்டது. அப்புறம்தான் இந்தக் குளம் கிடைத்தது. இங்கே போடுகிற கொஞ்சத்தை, முகமூடி கட்டி, திறந்த வெளியில் வாளியில் கரைத்து ஊற்றிவிடலாம். அதற்கு நெஞ்சு ஒன்றும் சொல்லாது. ஆக, அது மருந்து கம்மியான குளமாக இருக்கிற வரைக்கும்தான் அவருக்கு அங்கே வேலை. நாளைக்கே மூட்டை மூட்டையாகக் குளோரின் வந்து இறங்கினால் அவர் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மனைவியின் தம்பிக்குத் தொழிலே குளங்களுக்கு மருந்து சப்ளை செய்வது. ஒரே குடும்பத்தில் குளோரினால் கெட்டவர் ஒருவர், குளோரினால் பிழைத்தவர் ஒருவர். மைத்துனன் வாரம் ஒரு தடவையாவது அக்கா கையால் சாப்பிட வந்துவிடுவான்.

“என்ன மச்சான், செம்பு வெள்ளின்னு நகைக்கடை நடத்துறீங்களாமே. எப்படிப் போகுது?”

“மாப்ள, மூட்டை தூக்கின கையோட தட்டுல கை வெக்காத. போய்க் கழுவிட்டு வா.”

“கழுவிட்டேன் மச்சான். உங்க மூக்குக்கு அஞ்சு நாளைக்கு முன்னாடி தூக்கின மூட்டையும் தெரியும்.”

“ரெண்டு பேரும் சாப்பிட்டுட்டு அடிச்சுக்குங்க. ஆறிப் போகுது” என்பாள் மனைவி, தையல் மெஷினில் இருந்து தலையைத் தூக்காமலே. ஊராரின் ரவிக்கைக்கும் பள்ளிச் சீருடைக்கும் நடுவே அவளுக்கு இந்தச் சண்டை பின்னணி இசை மாதிரி.

அந்த வருடம் கோடை நீண்டு போயிற்று. குழாய்த் தண்ணீர் நின்று, குளத்துக்கும் லாரித் தண்ணீர் வந்தது. எங்கோ ஆழத்திலிருந்து எடுத்த உப்புக் கனத்த தண்ணீர். ஓடுகளில் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. காரப் பக்கம் சாய்ந்துகொண்டே போகும். இழுத்துப் பிடிக்க அமிலத்தைக் கேன் கேனாக ஊற்றினாலும் அசைய மாட்டேன் என்று அழிச்சாட்டியம் பண்ணும். மூக்கர் காலையில் அளவு பார்ப்பார், ஊற்றுவார், மாலையில் பார்ப்பார், அதே இடத்தில் நிற்கும்.

“எருமை மாடு ரோட்டுல படுத்த மாதிரி படுத்திருக்கு. ஹாரன் அடிச்சாலும் எந்திரிக்காது” என்று வீட்டில் வந்து புலம்புவார்.

பிறகு மழை வந்தது. வந்தது என்றால், வாங்கிய கடனை வட்டியோடு திருப்புகிற மாதிரி வந்தது. மொட்டை மாடித் தண்ணீரைச் சேர்க்கிற தொட்டி வாய் வரை நிரம்பித் தளும்பியது. மூக்கர் அதிலிருந்து ஒரு சொம்பு மொண்டு மோந்து பார்த்தார். வாசனையே இல்லை. உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்துப் பார்த்தார். பட்டுப் போல வழுக்கியது. அவருக்குப் பொறி தட்டியது அப்போதுதான்.

நேராகச் செயலாளரிடம் போனார். “சார், வெள்ளைப் படிவைத் தேய்க்க எப்படியும் குளத்தை முழுசா இறக்கணும். இறக்கிட்டு, லாரித் தண்ணி வேண்டாம், மழைத் தண்ணியையே விடுவோம். இதைவிடச் சுத்தமான தண்ணி காசு குடுத்தாலும் கிடைக்காது. ஒரு உப்பு இல்ல, ஒரு மண்ணு இல்ல.”

செயலாளர் மகிழ்ந்து போனார். மருந்தில்லாக் குளத்துக்கு மழைத் தண்ணீர்! பலகையில் எழுத இன்னொரு வரி கிடைத்தது. மறுநாளே குழாய் இணைத்து, வால்வைத் திறக்கிற மாதிரி நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டார். போட்டோவில் மூக்கர் பாதி தெரிவார். தோளும் ஒரு காதும்.

குளம் நிரம்பியது. அப்படி ஒரு தெளிவை அந்தக் குடியிருப்பு பார்த்ததில்லை. அடியில் கிடந்த கொண்டை ஊசி மேலிருந்து தெரிந்தது. டீச்சரம்மா படியில் நின்றுகொண்டு, “மூக்கரே, இது தண்ணியா கண்ணாடியா? கால் வைக்கவே மனசு வரல” என்றார். டீச்சரம்மா பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். மழையோ வெயிலோ, காலையில் முதல் ஆளாக இறங்கி, தலைக்கு உறை போடாமல், கரைக்குக் கரை நீந்துகிறவர். தலை முழுக்கப் பால் வெள்ளை. மருந்து கம்மியான குளம் வேண்டும் என்று சங்கத்தில் சண்டை போட்டு வாங்கித் தந்தவரே அவர்தான். குளோரின் குளத்தில் அவருக்குக் கண் இரண்டும் தக்காளியாகிவிடும்.

மூக்கருக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் அழகாக இருந்தது மட்டும் அல்ல. சொன்ன பேச்சும் கேட்டது. புளிப்புப் பக்கம் சாய்ந்திருக்கிறதா? சலவைச் சோடா ஒரு கைப்பிடி. அவ்வளவுதான், துள்ளிக்கொண்டு வந்து நின்றது. மறுநாள் மறுபடி இறங்கியிருந்தால் இன்னொரு கைப்பிடி. கேன் கேனாக ஊற்றி அழுத மனிதருக்கு இது சொர்க்கம்.

“தண்ணின்னா இது தண்ணி. நான் நினைக்கிறதுக்கு முன்னாடி நகருது” என்றார் வீட்டில்.

“தண்ணி பேச்சு கேக்குதாம்” என்றாள் மனைவி, ஊசியில் நூல் கோத்தபடி. “அந்தத் தண்ணியில ரெண்டு குடம் கொண்டுவந்து நீங்களும் குடிங்க. நான் போன மாசம் சொன்ன குழாய் இன்னும் ஒழுகுது.”

இங்கேதான் மூக்கர் கோட்டை விட்டது. தண்ணீரின் புளிப்பையும் காரத்தையும் அளக்கிறது ஒரு சோதனை. அது தினமும் செய்தார். தண்ணீருக்கு எவ்வளவு தாங்கும் சக்தி இருக்கிறது, ஒரு தள்ளு தள்ளினால் எவ்வளவு நேரம் நிற்கும் என்று அளக்கிறது இன்னொரு சோதனை. குப்பியில் தண்ணீர் எடுத்து, நிறம் காட்டும் மருந்து விட்டால் பச்சையாகும். அப்புறம் இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். எத்தனையாவது சொட்டில் பச்சை சிவப்பாக மாறுகிறதோ, அதுதான் அளவு; சொட்டு கூடினால் தண்ணீருக்குத் தெம்பும் கூடுதல். லாரித் தண்ணீர் காலத்தில் மாதக்கணக்கில் அது ஒரே எண்ணையே காட்டியது. மாறாத ஒன்றை எதற்கு அளப்பது என்று மூக்கர் அந்தச் சோதனையை நிறுத்தியிருந்தார். மழைத் தண்ணீர் வந்தபோதும், நிறுத்தினது நிறுத்தினபடியே இருந்தது. இவ்வளவு சுத்தமான தண்ணீருக்கு அது எதற்கு என்பதுதான் அவர் நினைப்பு. துள்ளுகிற தண்ணீர் பணிவாக இருப்பதாக அவர் எண்ணிக்கொண்டார். அதற்கு நிற்கவே தெம்பில்லை என்று தோன்றவில்லை.

ஒரு காலையில் டீச்சரம்மா துண்டும் கையுமாக மோட்டார் அறை வாசலில் வந்து நின்றார்.

“மூக்கரே, என் தலை என்ன நிறம்?”

“வெள்ளைங்கம்மா.”

“இருட்டுல நின்னு சொல்லாதீங்க. வெயிலுக்கு வந்து பாருங்க.”

மூக்கர் வெயிலுக்கு வந்தார். பார்த்தார்.

“சொல்லுங்க.”

“லேசா…”

“லேசா என்ன?”

“லேசா பச்சைங்கம்மா.”

வெள்ளரிப் பிஞ்சின் உள்பக்கம் இருக்குமே, அந்தப் பச்சை. நெற்றியோரத்தில் இன்னும் கொஞ்சம் அழுத்தம். “வர்ற வாரம் என்கிட்டப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் கூடி எனக்கு விருந்து வெக்கிறாங்க” என்றார் டீச்சரம்மா, குரலை உயர்த்தாமல். அவர் குரலை உயர்த்தாதபோதுதான் பயப்பட வேண்டும் என்பது குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும். “முப்பது வருஷம் உலகப் படத்துல காட்டைப் பச்சையா காட்டினேன். இப்ப என் தலையைக் காட்டட்டுமா?”

அன்று சாயங்காலத்துக்குள் பிள்ளைகள் அவருக்குக் கிளி டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். மறுநாள், மழைத் தண்ணீர் வந்ததிலிருந்து தானும் தினமும் நீந்தத் தொடங்கியிருந்த செயலாளர் கண்ணாடி முன்னால் நின்று மீசையைச் சீவியபோது, அவருடைய வீட்டுக்காரம்மா பின்னால் இருந்து, “என்னங்க, கீரை சாப்பிட்டுட்டு வாயைத் துடைக்கலியா?” என்று கேட்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம் என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. ஒரே விஷயம்: பெட்டியைக் கழற்றிவிட்டுக் குளோரினுக்கு மாறுவதா, வேண்டாமா. மருந்து சப்ளைக்கு ஆள் கூப்பிட்டு விலையும் கேட்டார்கள். கூப்பிட்டது மூக்கரின் மைத்துனனை. அவனுக்கு அது யாருடைய குளம் என்று முகவரியைப் பார்த்ததுமே தெரியும். இருந்தும் வந்தான், அளந்தான், போனான். மோட்டார் அறைப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

மூக்கர் முதலில் சந்தேகப்பட்டது பெட்டியை. பச்சைக்குக் காரணம் செம்பு என்பது அவருக்குத் தெரியும். செம்பைத் தண்ணீரில் விடுவது பெட்டி. அதன் மின்சாரத்தை அன்றே நிறுத்தினார். செம்பு குறையும் என்று காத்திருந்தார். குறைந்ததாகத் தெரியவில்லை. மாறாக, வெதுவெதுப்பான தண்ணீர் குளத்துக்குள் வந்து விழும் வாய்களைச் சுற்றி மயில் கழுத்து நிறத்தில் கறை படர்ந்திருந்தது. படியில் இறங்கி, ஓடுகளுக்கு நடுவே பூசிய சிமெண்டை விரலால் தடவினார். போன மாதம் வழுவழுப்பாக இருந்தது, இப்போது உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. நகத்தால் சுரண்டினால் மணல் உதிர்ந்தது. குனிந்து மோந்து பார்த்தார். ஒரு வாசனையும் இல்லை. செம்புக்கு வாசனை இல்லை. அவருடைய மூக்குக்கு அங்கே வேலையும் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு பாட்டிலில் குளத்துத் தண்ணீரை அடைத்துக்கொண்டு மைத்துனனின் கடைக்குப் போனார். கடைக்குள் நுழையவில்லை. எதிர்ப் பக்கம் நின்று, கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “மாப்ள!” என்று கூப்பிட்டார். மைத்துனன் வெளியே வந்து, சட்டையைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு, பனியனோடு தெருவைத் தாண்டினான். அந்த அளவுக்கு அவனுக்கும் மச்சான் நெஞ்சின் மேல் அக்கறை உண்டு.

“என்ன மச்சான், நகைக்கடை முதலாளி ரோட்டுல நிக்கிறாரு?”

“கிண்டல் அப்புறம். இதைக் கொஞ்சம் பாரு. எனக்குப் பிடிபடல.”

மூக்கர் வாயிலிருந்து ‘எனக்குப் பிடிபடல’ என்று வந்து அவன் கேட்டதில்லை. கிண்டலை விட்டுவிட்டுக் குப்பிகளை எடுத்து வந்தான். அந்தப் பக்கம் மூடிக் கிடந்த ஒரு கடை வாசலில் இருவரும் உட்கார்ந்தார்கள். குப்பியில் தண்ணீர் எடுத்தான், மருந்து விட்டான், பச்சையானது. அடுத்த மருந்தை விட்டான். முதல் சொட்டிலேயே சிவந்துவிட்டது.

“இன்னொரு தடவை பண்ணு” என்றார் மூக்கர்.

மறுபடி செய்தான். மறுபடி முதல் சொட்டு.

“எங்கிருந்து பிடிச்சீங்க இந்தத் தண்ணியை?”

“மழைத் தண்ணி.”

மைத்துனன் குப்பியைத் தரையில் வைத்தான். “அப்படியேவா விட்டீங்க? ஒண்ணுமே சேக்காம?”

“சுத்தமான தண்ணிடா அது.”

“சுத்தம்தான் மச்சான். அதான் பசியில இருக்கு. அதுக்குள்ள ஒண்ணுமே இல்ல. கிடைச்சதை எல்லாம் தின்னும். உங்க ஓட்டு சிமெண்டைத் தின்னுது. சூடு பண்ற மிஷின்ல செம்புச் சுருள் இருக்குல்ல, அதைத் தின்னுது. தின்னதை எல்லாம் கொண்டுபோய் அந்தம்மா தலையில கக்குது. நீங்க பெட்டியை நிறுத்தி என்ன பிரயோஜனம்?”

மூக்கர் மிச்சத் தண்ணீர் இருந்த பாட்டிலை எடுத்து மூடினார். இத்தனை வருடத்தில் அவருக்கு இது தெரியாத விஷயம் அல்ல. தெரிந்ததுதான். சுத்தம் என்ற ஒரு வார்த்தையில் மயங்கி, தெரிந்ததை மறந்திருந்தார்.

“சரி பண்ண முடியுமா?”

“ஏன் முடியாது? கொஞ்சம் இறக்கிட்டு லாரித் தண்ணியையே கலந்து விடுங்க. நீங்க திட்டுற அதே தண்ணி. அப்புறம் சமையல் சோடா, மூட்டைக் கணக்குல. கொஞ்சம் கால்சியம். அந்தச் சுருள் எந்த அளவுக்கு அரிச்சிருக்குன்னு கழட்டிப் பாருங்க.” குப்பியைக் கவிழ்த்தபடி சொன்னான்: “ஆனா மச்சான், நாளைக்கு மீட்டிங்குல நீங்க பெட்டி கெட்டுப் போச்சுன்னு சொன்னீங்கன்னா, ஒருத்தரும் உங்களைக் குத்தம் சொல்ல மாட்டாங்க. ஆர்டர் எனக்கு வந்துடும்.”

“வந்தா நான் எங்க நிக்கிறது?”

“அதான் சொல்றேன். மழைத் தண்ணி உங்க யோசனைன்னு சொன்னா, பெட்டி தப்பிச்சுடும். நீங்க தப்பிப்பீங்களான்னு தெரியாது. ரெண்டுல எதுன்னு நீங்கதான் பாத்துக்கணும்.”

“உனக்கு ஆர்டர் வேண்டாமா?”

“வேணும்” என்றான் மைத்துனன். “ஆனா நாளைக்கு அக்கா வீட்டுல சாப்பிடவும் வேணுமே.”

வீட்டில் மூக்கர் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னார். அவள் மெஷினை நிறுத்தினாள். அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்பது அபூர்வம்.

“அனுப்பிட்டாங்கன்னா?”

“அனுப்பிட்டா அனுப்பட்டும். வேற எங்கயாவது இந்த மாதிரி குளம் இருக்கான்னு பாப்போம்.”

“இருக்கா?”

“இல்ல.”

அவள் துணியின் மடிப்பை விரலால் நீவினாள். “பெட்டி மேல பழியைப் போட்டாலும் வேலை போகும். உண்மையைச் சொன்னாலும் போகலாம். போகும்கிறதைவிடப் போகலாம்கிறது பரவால்ல. போங்க, போய்ச் சட்டையைக் கழட்டிக் குடுங்க, காலர் பிஞ்சிருக்கு. நாலு பேர் முன்னாடி நிக்கிறப்ப ஒழுங்கா நில்லுங்க.”

கூட்டம் கீழ்த்தள அரங்கில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் சிலர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். செயலாளர் மீசையை மழித்திருந்தார். மீசை இல்லாத அவர் முகத்தைப் பார்த்து யாரும் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள். டீச்சரம்மா முன் வரிசையில், தலையில் துணி கட்டி உட்கார்ந்திருந்தார். மைத்துனன் விலைத்தாளோடு ஓரத்தில்.

செயலாளர் ஆரம்பித்தார்: “இந்தச் செம்புப் பெட்டி நமக்கு ஒத்து வரல. எல்லாரும் பாத்துட்டோம். ஆகவே…”

மூக்கர் எழுந்தார். பேசிப் பழக்கம் இல்லாதவர். அதனால் சுற்றி வளைக்கத் தெரியவில்லை.

“பெட்டி நல்லாத்தான் சார் இருக்கு. தப்பு என்னுது. மழைத் தண்ணியை அப்படியே விட்டது என் யோசனை. விட்டா கூடவே சோடாவும் கால்சியமும் போட்டிருக்கணும். வாரா வாரம் பாக்க வேண்டிய ஒரு டெஸ்டை நான் பாக்கல. பாத்திருந்தா முதல் வாரத்துலயே தெரிஞ்சிருக்கும். தண்ணி சுருளை அரிச்சிடுச்சு. அந்தச் செம்புதான் இவங்க தலையில ஏறினது. சரி பண்ணிடலாம்.”

அரங்கில் ஒரு சலசலப்பு. செயலாளர் தொண்டையைச் செருமினார். “நான் அப்பவே நினைச்சேன், மழைத் தண்ணி சரிப்படுமான்னு.”

“நினைச்சுக்கிட்டேதான் வால்வைத் திறந்தீங்களா?” என்று பின்னால் இருந்து ஒரு குரல். “போட்டோவுல சிரிச்சிட்டிருந்தீங்களே!” இந்தத் தடவை சிரிப்பை யாராலும் அடக்க முடியவில்லை.

“சிரிக்கிற விஷயம் இல்ல இது” என்றார் ஒருவர். “இன்னிக்கு முடி. நாளைக்கு வேற ஏதாவதுன்னா? பார்த்துக்க வேண்டிய ஆளே பார்க்கலைன்னு அவரே சொல்றாரு. எப்படி மறுபடி அவர் கையில விடுறது?”

மூக்கர் நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

டீச்சரம்மா எழுந்தார். தலைத் துணியை அவிழ்க்கவில்லை.

“எனக்குக் கோபம் தீரல. அதை முதல்ல சொல்லிடறேன். எலுமிச்சம்பழத்தைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் தலை ஊறுகாய் ஜாடியாயிடுச்சு. ஆனா குளோரினுக்கு நான் ஒத்துக்க மாட்டேன். தப்பு பெட்டியில இல்லேன்னு தெரிஞ்ச பிறகு பெட்டியை ஏன் கழட்டணும்?” மூக்கரின் பக்கம் திரும்பினார். “கணக்கு தப்பா போட்டுட்டு, எங்க தப்பினேன்னு காட்டுற பிள்ளைக்கு நான் பாதி மார்க் குடுப்பேன். முழு மார்க் குடுக்க மாட்டேன். உங்களுக்கும் பாதிதான். நீங்க இருங்க. ஆனா வாரத்துக்கு ஒரு தடவை வெளியாள் ஒருத்தர் வந்து தண்ணியைப் பாத்துக் கையெழுத்துப் போடணும். அவர் போடலேன்னா அன்னைக்குக் குளம் மூடல்.”

“யார் வருவா அதுக்கு?” என்றார் செயலாளர்.

அரங்கு முழுவதும் ஓரத்தில் விலைத்தாளோடு இருந்தவனைத் திரும்பிப் பார்த்தது. மூக்கர் மட்டும் பார்க்கவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

டீச்சரம்மா சொன்னதை ஒத்துக்கொள்கிறவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்கியவர்கள் அதிகம்; தூக்காதவர்களும் குறைவில்லை. மூன்றாம் மாடிக்காரர் தூக்கவில்லை.

அப்புறம் நடந்தது வேலை. தண்ணீரில் ஒரு பகுதியை இறக்கினார்கள். உப்புக் கனத்த லாரித் தண்ணீர் வந்தபோது மூக்கர் வாயைத் திறக்காமல் குழாயைப் பிடித்து நின்றார். சமையல் சோடா மூட்டைகள் வந்தன. ஒரே நாளில் கொட்டாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, சுற்ற விட்டு, அளந்து, மறுபடி கரைத்தார். அரித்த செம்புச் சுருளைக் கழற்றி வேறு போட்டார்கள். பழைய சுருளின் உள்பக்கம் விரலை விட்டுப் பார்த்த மூக்கர், யாரிடமும் காட்டாமல் அதைத் துணியில் சுற்றி வைத்தார். டீச்சரம்மா விருந்துக்குத் தலையில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு போனார். பத்து வயது குறைந்த மாதிரி இருந்ததாம். திரும்பி வந்ததும் ஒட்ட வெட்டிக்கொண்டார்.

குளம் திறந்த முதல் வாரம், மைத்துனன் சோதனைக்கு வந்தான். வருவதற்கு முன் வீட்டில் குளித்து, குளோரின் படாத புதுச் சட்டை போட்டிருந்தான். சட்டைப் பையில் இரண்டு பேனா. செயலாளர் பக்கத்தில் வந்து நின்றார். மீசை மறுபடி முளைக்க ஆரம்பித்திருந்தது. மோட்டார் அறையில் இருந்த ஒரே நாற்காலியை மூக்கர் எடுத்து வந்து மைத்துனனுக்குப் போட்டார்.

“உக்காரு.”

“பரவால்ல மச்சான்.”

“உக்காருடா. ஆபீசர் நின்னுட்டு வேலை பாப்பாங்களா?”

மைத்துனன் உட்கார்ந்தான். குப்பியில் தண்ணீர் எடுத்தான், மருந்து விட்டான், பச்சை. சொட்டு விட ஆரம்பித்தான். மூக்கர் தோளுக்கு மேலாகக் குனிந்து எண்ணினார்.

“எட்டு. மாறிடுச்சு” என்றான் மைத்துனன்.

“எங்க மாறிடுச்சு? அது இன்னும் பழுப்பு. இன்னொரு சொட்டு விடு.”

“சிவப்புதான் மச்சான்.”

“வெயில்ல காட்டு. இதா சிவப்பு? இதுக்குப் பேரு உனக்குச் சிவப்பா?”

“கையெழுத்துப் போடறது நானா நீங்களா?”

“நீதான். அதுக்காக எட்டை ஒம்போதுன்னா சொல்றேன்? ஒம்போதை எட்டுன்னு சொல்லாதேங்கிறேன்.”

தண்ணீரின் நடுவிலிருந்து டீச்சரம்மாவின் குட்டை முடித் தலை மேலே வந்தது. “ரெண்டு பேரும் மனசுக்குள்ள எண்ணுங்க. இங்க நீந்துறவங்களுக்குக் கணக்கு தப்புது.”

இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். செயலாளர் ஒன்றும் புரியாமல் குப்பியையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார். மைத்துனன் குப்பியைக் கவிழ்த்துக் கழுவினான். மூக்கர் குந்தி, தண்ணீரை முழங்கை ஆழத்தில் இருந்து மொண்டு நீட்டினார். முதலில் இருந்து எண்ணத் தொடங்கினார்கள்.